சூப்பர் மச்சான், இன்னொண்ணு அனுப்பு

மார்ச் 4

தம்பிக்கு,

என் போன் கெட்டுப்போகவில்லை. உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான். போனில் பேசினால் முதலில் கத்துவேன், அப்புறம் அழுவேன். நீ "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டிருப்பாய், விஷயம் இருந்த இடத்திலேயே நிற்கும். எழுதினால் தப்பான வார்த்தையை அடித்துவிடலாம். இதுவரை நான்கு அடித்துவிட்டேன். நீ சௌக்கியமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை.

உன் அத்தானுக்குப் போன வருஷக் கடைசியிலிருந்தே தொண்டை கட்டிக்கொண்டிருந்தது. உன்னிடம் சொல்லவிடாமல் தடுத்தவர் அவர்தான். "அவன்கிட்ட சொல்லாத. கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்து என்னை இன்னிக்கே முடிச்சுடுவான்" என்றார். லிஃப்ட் மெக்கானிக் வேலையில் உச்சி மாடியில் நின்றுகொண்டு, லிஃப்ட் ஓடுகிற பள்ளத்துக்குள் கீழே இருக்கிற ஆளிடம் கத்திக் கத்தித்தான் இப்படி ஆயிற்று என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "ரிசல்ட்ல ஏதாவது இருந்தா உங்க போனுக்கு மெசேஜ் வரும், உடனே வந்து டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். மெசேஜ் வரவில்லை. அப்படியானால் ஒன்றும் இல்லை என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தோம்.

திங்கட்கிழமை அவருக்குத் தண்ணீர் விழுங்கவே வலித்தது. நான் கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஃபைலைப் பார்த்துவிட்டு, "ரிசல்ட் வந்து ஒரு மாசம் ஆச்சே, ஏன் வரல?" என்றார். மெசேஜ் வரவில்லை என்றேன். கவுன்ட்டரில் போய்க் கேட்கச் சொன்னார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, "போயிருக்கே. நீங்க பதில்கூடப் போட்டிருக்கீங்க" என்றாள்.

"நாங்களா?"

அவள் சத்தமாகவே படித்தாள். "சூப்பர் மச்சான், இன்னொண்ணு அனுப்பு."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. உன் அத்தான் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் காட்டினார். ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து வந்திருந்த மெசேஜ் இது. "வாழ்க்கை: முதல் வரியிலேயே 'அர்த்தம்' என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். கடைசி வரி வரைக்கும் அதில் யாரும் எதையும் போடவில்லை. ஆனாலும் புரோகிராம் ஓடுகிறது."

"இது நம்ம மச்சான் அனுப்புனதுல்ல?" என்று என்னிடம் கேட்டார். நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்கு அனுப்புகிற ஜோக்கின் அச்சு அசல். நீ ஆஸ்பத்திரிகளுக்கு புரோகிராம் எழுதுகிறவன் என்று அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நம்பரிலிருந்தே அனுப்பி விளையாடுகிறான், கில்லாடி என்று நினைத்து, வேலையிடத்தில் நாலு பேரிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார். அந்த மெசேஜ் வந்த இடத்தில்தான் எங்கள் ரிசல்ட் வந்திருக்க வேண்டும்.

ரிசல்ட் என்ன என்றால், புற்று. குரல்வளையில். இது எப்படி நடந்தது என்று எனக்கு எழுது.

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கும் அத்தானுக்கும் ஏற்பட்ட சிரமத்துக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் நிறுவனம் பராமரித்துவரும் தகவல் அனுப்பும் பிரிவில் ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, குறிப்பிட்ட சில பயனாளர்களுக்குத் தொடர்பில்லாத வாசகங்கள் சென்றடைந்தன. அது குறுகிய நேரத்திலேயே கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. உரிய தகவல்கள் மீண்டும் அனுப்பப்பட்டன. பயனாளர் தரப்பிலிருந்து பதில் பெறப்பட்ட நேர்வுகளில் தகவல் சேர்ந்துவிட்டதாகக் கருதப்பட்டது. இது குறித்த உள்விசாரணை நடைபெற்று வருகிறது.

அத்தான் எப்படி இருக்கிறார் அக்கா? சாப்பிட முடிகிறதா?

இப்படிக்கு,
தம்பி

*

மார்ச் 14

பயனாளர் எழுதுவது,

நேர்வு நலம். நீ எழுதியதை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "இத எழுதுறப்ப பக்கத்துல வக்கீல் உக்காந்திருந்தாரு போல" என்றார். சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது, இருமினால் வலிக்கிறது, அப்படியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு வரி மட்டும் உன்னுடையது. அதற்காகத்தான் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். உயிருக்கு பயமில்லை, எடுத்துவிட்டால் நன்றாக இருப்பார் என்கிறார். கழுத்தில் துளை போட்டு அது வழியாகத்தான் இனி மூச்சு. குரல் இருக்காது. ஆபரேஷன் ஏப்ரல் மூன்றாம் தேதி.

நான் தனியாகப் போய் டாக்டரிடம் கேட்டேன். "அந்த மெசேஜ் ஒழுங்கா வந்து, நாங்க அன்னிக்கே வந்திருந்தா?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "வந்திருந்தா கரன்ட் வச்சு, அதாவது ரேடியேஷன் குடுத்து, குரலைக் காப்பாத்த முடியுதான்னு பாத்திருப்போம். காப்பாத்தியிருப்போம்னு என்னால சொல்ல முடியாதும்மா. காப்பாத்தியிருக்க மாட்டோம்னும் சொல்ல முடியாது."

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் குடியிருக்கிறேன். உன் அத்தானிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிய வேண்டும். இனி எழுதுவதாக இருந்தால் நீ எழுது. நிறுவனத்தின் கடிதம் எனக்கு வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

அத்தான் சொன்னது சரி. போன கடிதத்தின் பெரிய பத்தி எங்கள் ஆபீஸ் வக்கீல் எழுதிக் கொடுத்தது. நோயாளிகள் யாருக்கும் எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. என் சொந்த அக்கா என்றேன். "அவங்களும் நோயாளியோட மனைவிதானே" என்றார் மேலாளர். நான் தலையாட்டிவிட்டு அதைப் பார்த்து எழுதினேன். அந்தக் காகிதத்தை நினைத்தாலே கூசுகிறது. இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன், அவர்களிடம் கேட்கவில்லை.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம். யார் எழுதிய புரோகிராம் எல்லோருடைய வேலையையும் சேர்த்து உடைக்கிறதோ, அவர் அபராதம் கட்ட வேண்டும். மற்ற ஆபீஸ்களில் டீ வாங்கித் தருவார்கள். எங்களிடம் "வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும், புரோகிராம்காரன் பாஷையில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தோம். "கடவுளிடம் முறையிட்டேன். என் மெஷினில் நன்றாகத்தான் ஓடுகிறது என்றார்." இது என் பக்கத்து நாற்காலிக்காரன் எழுதியது. புரோகிராம் உடைந்தது என்று யார் வந்து சொன்னாலும் நாங்கள் சொல்கிற சாக்கு அது. "எழுதியவரைக் காணோம். எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. நிறுத்திப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை." இது என்னுடையது. நிறைய என்னுடையதுதான், ஏனென்றால் நிறைய உடைத்தவன் நான். ஆபீஸில் என்னை அபராதம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நன்றாக வந்த வரிகளைத்தான் ஞாயிற்றுக்கிழமை அத்தானுக்கு அனுப்புவேன்.

எங்கள் புரோகிராம் இரண்டு பிரதியாக ஓடும். ஒன்று ஒத்திகைக்கு, ஒன்று நிஜத்துக்கு. ஒத்திகையில் நோயாளிகளின் உண்மையான தகவலைப் போடக் கூடாது. அதனால் மெசேஜ் போகிறதா என்று பார்க்க, இந்த ஜோக் வரிகளை இட்டு நிரப்பிவிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை நான் ஒத்திகையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நிஜத்தில் இருந்தேன். இரண்டு திரையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்கு வேறு நிறம் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், யாரும் வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியில் போன் பிய்த்துக்கொண்டு அடித்தது. "என் கண் ஆபரேஷன் எப்போன்னு கேட்டா, கடவுள் மெஷின்ல நல்லா ஓடுதுன்னு மெசேஜ் வருது, நான் என்னன்னு எடுத்துக்கிறது?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். ஆபீஸில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன் அக்கா. போன் செய்தவர்களுக்கெல்லாம் சரியான தகவல் சொல்லிவிட்டார்கள். பேசாமல் இருந்தவர்களுக்கு நான் மறுபடி அனுப்பினேன். அப்படி அனுப்பும் இடத்தில் நான் ஏற்கெனவே ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். நோயாளி மெசேஜுக்குப் பதில் போட்டிருந்தால், அவருக்குத் தகவல் புரிந்துவிட்டது என்று பொருள், மறுபடி அனுப்பித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. நல்லெண்ணத்தில் எழுதிய விதிதான்.

பதில் போட்டவர்கள்: ஒருவர் என்று திரையில் வந்தது. அதைத் திறந்து பார்க்க ஒரு தட்டு போதும். பக்கத்து நாற்காலிக்காரன், "எவனோ கிழிகிழின்னு கிழிச்சிருப்பான், எதுக்குத் திறக்குற" என்றான். எனக்கும் திட்டு வாங்க வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன். அது திட்டு இல்லை. அவ்வளவு பேரில் அந்த ஜோக்கைப் புரிந்துகொண்டு ரசித்த ஒரே ஆள் அத்தான். தகவல் போகாததும் அவர் ஒருவருக்குத்தான்.

அதற்குப் பிறகு ஜோக் அனுப்பவே வெட்கமாகி, அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். ஒன்று அனுப்பியிருந்தால்கூட, "அன்னிக்கு ஆஸ்பத்திரி நம்பர்ல அனுப்பினியே" என்று அவர் சொல்லியிருப்பார், வெளியே வந்திருக்கும். டாக்டர் சொன்னதை எனக்கு எழுதினாயே, அதைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். மன்னிப்பு என்று எழுத வரவில்லை. அந்த வார்த்தையை வக்கீல் ஏற்கெனவே வேறு மாதிரி எழுதிவிட்டார்.

தம்பி

*

மார்ச் 24

தம்பி,

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஆனால் இப்போது யார்மேல் கோபப்படுகிறேன் என்றாவது தெரிகிறது. போன தடவை ஒரு நோட்டீஸ் போர்டு மேல் கோபப்பட்ட மாதிரி இருந்தது.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். போன புதன்கிழமை கடையில் ஒரு பெரியவருக்கு இடது கண்ணுக்கு உள்ள கண்ணாடியை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டேன். என் நினைப்பெல்லாம் வேறெங்கோ இருந்தது. கடை வாசல் படியில் மனுஷன் கால் வைத்த இடத்தில் படி இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டார், தப்பித்தார். முதலாளி என்னைப் பார்க்க, "தொழில்நுட்பக் கோளாறு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. உன்னை அன்றைக்குக் கொஞ்சம் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இதற்காக நீ ஒன்றும் குளிர்ந்துவிட வேண்டாம்.

உன் அத்தான் இப்போது குரலைச் செலவழித்துக்கொண்டிருக்கிறார். இருக்கிற கரகரப்பை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசுகிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், மருந்துக் கடையில், எதிர்வீட்டு நாயிடம். போன வாரம் தன் லிஃப்டுகளையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போய், ஒரு கட்டடத்தில் உச்சியில் நின்றுகொண்டு கீழே இருக்கிற ஆளிடம் சும்மா கத்திவிட்டு வந்தார். "என்ன கத்துனீங்க?" என்றேன். "கீழ இருக்கியான்னு கேட்டேன். இருக்கேன்னான். வந்துட்டேன்" என்றார். டாக்டருக்குத் தெரிந்தால் என்னைத்தான் திட்டுவார்.

நீ எழுதியதை முழுசாகப் படித்துக் காட்டினேன். டாக்டர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். கடவுள் மெஷின் ஜோக்குக்கு மறுபடியும் சிரித்தார். "அவன் எதுக்குத் திறந்து பாக்கல?" என்று ஒரு தடவை கேட்டார். வெட்கப்பட்டானாம் என்றேன். "இதுக்குப் போயா" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார், அப்படியே எழுதுகிறேன். "எனக்கு அவன்கிட்ட பேசணும். போன்ல வேணாம், நேர்ல. லிஃப்ட் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் அது வர்றப்பதான் வரும். அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அமுக்காம யாராவது நிக்கிறாங்களா பாரு. அதை வச்சு அவனுக்கு ஒரு வரி வச்சிருக்கேன், நேர்ல சொல்றேன், வரச் சொல்லு."

உன்னை மன்னிப்பதற்காகக் கூப்பிடவில்லை. மன்னிக்கிறதாக இருந்தால் அதை ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பலகையில் எழுதிக் காட்டக்கூட முடியும். பேசுவதற்குத்தான் கூப்பிடுகிறார், அதற்குத் தேதி இருக்கிறது. இரண்டாம் தேதி அவரை வார்டில் சேர்த்துவிடுவார்கள். அன்றைக்குள் வந்துவிடு. உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நீ போன் பண்ண மாட்டாய் என்றும் தெரியும்.

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

போன் எடுத்து உன் பெயர் வரைக்கும் போனேன். நீ சொன்னபடியேதான் ஆயிற்று.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டாம் தேதி காலை வந்துசேர்வேன், நேரே ஆஸ்பத்திரிக்கு. உனக்கு எழுதியதை மேலாளரிடம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் இதே விவரத்தை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், யாரும் அபராதம் என்று கூப்பிடுவதில்லை. ஜோக் வரிகளையெல்லாம் அழித்துவிட்டார்கள். அந்த மெசேஜ் இப்போது அத்தான் போனில் மட்டும்தான் இருக்கும்.

அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் தெரியவில்லை. என்ன பேச வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் கடைசியில் அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி முடிகிறது. அதுதான் எனக்கு பயம். ஆனால் வந்துவிடுவேன்.

தம்பி

*

ஏப்ரல் 10

தம்பி,

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். காய்ச்சல் இல்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சாப்பாடு. இன்னும் இரண்டு வாரமாவது இதே வார்டில்தான் இருப்பார். எழுதி அழிக்கிற சின்னப் பலகை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது இரண்டாம் தேதிக்கு வருகிறேன்.

அன்று காலையிலிருந்து அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வார்டு மூன்றாவது மாடி, ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி கேட்டும் எதிரே டீக்கடையும் தெரியும். படுங்கள் என்று நர்ஸ் சொன்னதற்கு, "என் மச்சான் வர்றான்" என்றார். யார் எது கேட்டாலும் அன்றைக்கு அதே பதில்தான். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தேன். அதனால் அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரும் நர்ஸும் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"வந்துட்டான், டீ குடிக்கிறான், குடிக்கட்டும்" என்றாராம். பிறகு "கேட்டுக்கு வந்துட்டான்" என்றாராம். நீ கேட்டில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறாய். வாட்ச்மேன் உன்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார். நீ தலையாட்டிவிட்டுத் திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்திருக்கிறாய்.

அவர் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய் மச்சான்" என்று கூப்பிட்டாராம். அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று வார்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. நர்ஸ் ஓடி வந்திருக்கிறாள். கீழே வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்திருக்கிறார். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். நீ பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டாய் என்று சொல்கிறார்கள்.

நான் மேலே வந்தபோது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்ன என்று கேட்டேன். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இருந்த கொஞ்சமும் அதில் போய்விட்டது. அன்று சாயந்திரம் என்னிடம் பேச வேண்டும் என்று அவர் வைத்திருந்ததும் இருக்கும் அல்லவா. அதுவும் போயிற்று. இதை உன்மேல் பழி போட எழுதவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

பலகை வாங்கிக் கொடுத்ததும் அவர் முதலில் எழுதியது, "மச்சானுக்குக் கேட்டுச்சா?" என்பதுதான்.

"அது அவனே இல்லைங்க, வேற யாரோ" என்றேன். தலையாட்டினார், இல்லை என்று. "தெருவுல சத்தம், கேட்டிருக்காது" என்றேன். அழித்துவிட்டு எழுதினார். "பதினோரு மாடி பள்ளத்துல கீழ நிக்கிறவனுக்கே கேக்கும்." மறுபடி அழித்துவிட்டு, "நீ அவனைக் கேளு" என்று எழுதினார். தினமும் காலையில் அந்தப் பலகையைத் தூக்கிக் காட்டுகிறார், கேட்டாயா என்று.

அவர் கேட்கச் சொன்னதைக் கேட்கிறேன். உன் காதில் விழுந்ததா, இல்லையா? விழவில்லை என்று நீ எழுதினால் அதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுவேன், மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன். அவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதோடு விட்டுவிடுவார்.

அக்கா

*

ஏப்ரல் 15

அக்கா,

விழுந்தது.

நீ கதவைத் திறந்து வைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. கேட்கவில்லை என்று எழுதி, அடித்து, இன்னொரு காகிதம் எடுத்தேன். அதிலும் அப்படியே எழுத வந்தது. மூன்றாவது காகிதம் இது.

டீ குடித்தவன் நான்தான். கேட் வரைக்கும் வந்தேன். வாட்ச்மேன் "யாரைப் பாக்கணும்?" என்றார். கேட்டுக்கு உள்ளே மரத்தடி பெஞ்சில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. யாருடைய போனிலோ மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து அந்தப் போனைப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "என்ன போட்டிருக்கு, என்ன போட்டிருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இத்தனை வருஷமாக மெசேஜ் அனுப்புகிற புரோகிராம் எழுதுகிறேன். அது போய்ச் சேருகிற இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. யாரையும் பார்க்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன்.

பத்தடி நடந்திருப்பேன். அத்தான் கூப்பிட்டார். என்னைக் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் கூப்பிடுகிற அதே குரல். கரகரப்புகூட இல்லை. உனக்குச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள், நான் நடையை எட்டிப் போட்டேன்.

அவர் திட்டியிருந்தால் திரும்பியிருப்பேன் அக்கா. அந்தக் குரலில் திட்டே இல்லை. திரும்பினால் அவர் சிரித்துக்கொண்டிருப்பார், கையை ஆட்டிக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு முகம் இல்லை. பஸ் ஏறிய பிறகும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நாளைக்குப் போய்விடலாம், ஆபரேஷனுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் தங்கியிருந்த லாட்ஜ் அறையிலேயேதான் இருந்தேன். அதோடு அவர் குரல் தீர்ந்துவிட்டது என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். எனக்காக வைத்திருந்த வரி என்னவென்று அவர் பலகையில் எழுதிக் காட்டலாம். காட்டுவார்தான். ஆனால் அதைச் சொல்கிற விதத்தில்தான் பாதி சிரிப்பு இருக்கும், அது போயிற்று. உன்னிடம் பேச வைத்திருந்ததையும் சேர்த்து என் முதுகில் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

வெட்கம் என்று நான் எழுதுகிற ஒவ்வொரு தடவையும் அதற்கு விலை கொடுத்தது நீங்கள் இரண்டு பேரும்தான். இதை முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும். உனக்கு எழுதி எழுதித்தான் தெரிந்தது.

அவரிடம் "கேட்டிருக்கு" என்று மட்டும் சொல். கேட்டும் ஏன் திரும்பவில்லை என்று எழுதிக் காட்டினால், அதை நான் வந்து சொல்வேன். நீ எனக்காக எதையும் மாற்றிச் சொல்லாதே.

சனிக்கிழமை காலை வருகிறேன். நேரே மேலே வர மாட்டேன், இந்தத் தடவை அது வேறு காரணத்துக்காக. கேட்டில் அதே இடத்தில் நின்றுகொண்டு மூன்றாவது மாடியைப் பார்த்து "அத்தான்" என்று கூப்பிடப் போகிறேன். வாட்ச்மேன் விரட்டட்டும், டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கட்டும். நான் பெரிய சத்தம் போட்டுப் பழகாதவன் என்று உனக்குத் தெரியும். அவருக்கு எத்தனையாவது தடவையில் கேட்கும் என்று தெரியவில்லை. கேட்டாலும் ஜன்னலுக்கு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நீயும் அவரைப் போகச் சொல்லாதே. அவர் வராவிட்டாலும் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

தம்பி